படிப்படியாக நிறுத்து

மனிதகுலம் தன் கடைசி அடிமைத்தனத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு ஒழித்துக்கட்டியது. இந்தியப் பெருங்கடலின் மட்டத்துக்கு நான்காயிரத்து நூறு மீட்டர் கீழே, ஆழ்குடி நிலையத்தின் உணவுக்கூடத்தில், இட்லி தீர்ந்து உப்புமா வந்துகொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது.

ஒழித்தவர் தலைமை மருத்துவர் ஞானசிகாமணி. ஒலிபெருக்கியில் அவரே அறிவித்தார். “மனிதனின் முதல் சாதனை நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, விட்டால் வலிக்காத மருந்து. இடையில் நடந்தவை எல்லாம் சில்லறை.”

யாரும் கைதட்டவில்லை. மரியாதைக் குறைவு அல்ல. ஒரு கையில் தட்டு, மறு கையில் தம்ளர், இடது தோள் சுவரில். ஆழ்குடியில் காலைப் பலகாரத்தை அப்படித்தான் சாப்பிடுவார்கள். கூடத்தின் நீளச் சுவரில் தோள் உயரத்தில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் இருக்கும். அதில் தோளை அழுத்தி நின்றால், காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பதித்திருக்கும் புளியங்கொட்டை அளவு குப்பியில் அன்றைய மருந்தைச் சுவர் நிரப்பிவிடும். அரை நிமிட வேலை. அதற்குள் இரண்டு இட்லி உள்ளே போகும். இதற்குத் ‘தோள் கொடுப்பது’ என்று பெயர். “தோள் குடுத்தாச்சா?” என்பது அங்கே “சாப்பிட்டாச்சா?” மாதிரியான கேள்வி. பதில் எதுவானாலும் கேட்டவர் நிற்க மாட்டார்.

கடலடித் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளைப் பொறுக்குவது ஆழ்குடியின் தொழில். அந்த ஆழத்தில் இறுக்கிய காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். இறுக்கிய காற்று எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உப்புத்தாளால் உள்ளிருந்து தேய்க்கும். அந்த வலிக்குக் கொடுத்ததுதான் ‘ஆற்றி’. அபின் குடும்பத்துப் பிள்ளை. வலியை நன்றாகவே ஆற்றியது. ஒப்பந்தம் முடிந்து விடப் பார்த்தால்தான் விடவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகும், வயிறு பிடுங்கும், கால்கள் தம் இஷ்டத்துக்கு உதைக்கும், தூக்கம் அறவே போய்விடும். அந்த அவதியைத் தணிக்க வந்த அடுத்த மருந்து ‘தேற்றி’. ஆற்றுவதும் தேற்றுவதும் தமிழர் பண்பாடு என்று பெயர் சூட்டிய குழு தன் அறிக்கையில் எழுதியிருந்தது. தேற்றியும் நல்ல மருந்துதான். எத்தனையோ பேரை ஆற்றியிலிருந்து கரையேற்றியது. ஆனால் அதுவும் அதே குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்ட மருந்து. அண்ணன் கடையை மூடினால் தம்பி திறந்தான்.

இதில் வெறும் மனக்கஷ்டம் மட்டும் இருந்திருந்தால் கதை இல்லை. ஆழ்குடியிலிருந்து மேலே போக ஒரே வழி ஏற்றக்கூண்டு. வருடத்துக்கு ஒரு முறை. உடம்பிலிருந்து அழுத்தம் மெல்ல இறங்க வேண்டும் என்பதால் ஒன்பது நாள் பயணம். கூண்டுக்குள் இருக்கும் கலவைக் காற்றில், ஆற்றியோ தேற்றியோ ரத்தத்தில் இருப்பவர்கள் தூங்கினால், மூச்சு விட மறந்துபோவார்கள். பாதி வழியில் கூண்டைத் திறக்கவும் முடியாது. ஆகவே விதி: கூண்டில் ஏறுமுன் முழுதாக மூன்று நாள் மருந்தில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

இந்த விதியின் முன்னால்தான் குழாய்களைப் பற்றவைக்கும் வியாகுலம் என்ற ஒட்டுவேலைக்காரன் நின்றுகொண்டிருந்தான். பெற்றோர் மாதாவின் நினைவாக வைத்த பெயர். அவன் அதைத் தன் குணமாகவே எடுத்துக்கொண்டான். தூத்துக்குடிக்காரன். அவன் கீழே இறங்கியபோது மனைவி செலினுக்கு ஏழு மாதம். இப்போது மகள் ஜோவிட்டாவுக்கு இரண்டே கால் வயது. போன வருடமே போயிருக்க வேண்டியது. ரத்தத்தில் தேற்றி இருந்ததால் கூண்டு அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. இந்த வருடக் கூண்டுக்கு இன்னும் முப்பது நாள்.

ஞாயிறுதோறும் திரையில் பத்து நிமிடம் வீட்டோடு பேசலாம்.

“இவ என்ன சொல்லுதான்னு கேளுங்க,” என்றாள் செலின். “ஒங்கள இந்தத் திரையிலயே பாத்துப் பாத்து, பளபளன்னு எது இருந்தாலும் அப்பாங்கா. மைக்ரோவேவ் அப்பா. மேல் வீட்டு டிவி அப்பா. நேத்து கரண்டு போயி எல்லாம் அணஞ்சுது. ‘அப்பா தூங்கிட்டு’ங்கா.”

வியாகுலம் சிரித்தான். செலின் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க. இந்தக் கூண்டுலயும் வரலேன்னா இவளுக்கு நீங்க ஒரு சாமான்தான். அம்புட்டுதான் சொல்லுவேன்.”

ஐந்து நாள் அதையே நினைத்துக் கவலைப்பட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அவன் மருத்துவரின் அறைக்குப் போனான்.

மருத்துவர் ஞானசிகாமணி எழுதுவதைப் போலவே பேசுகிறவர். பெருமூச்சுக்குக் கூட முற்றுப்புள்ளி வைப்பார். அவர் வந்தபின் ஆழ்குடியில் இரண்டு சீர்திருத்தங்கள் நடந்திருந்தன. ஒன்று, கூண்டேறுமுன் ரத்தம் எடுத்துச் சோதிப்பதை அவர் ஒழித்தார். அது நோயாளியின் மேல் அவநம்பிக்கை காட்டுவதாம். மருந்தூட்டி (சுவருக்குள் இருக்கும் இயந்திரத்தின் பெயர் அது) ஒருவருக்கு மருந்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னாலே போதும். இரண்டு, மருந்தூட்டியிடம் நல்ல தமிழில்தான் பேச வேண்டும். உண்மையில் அதற்கு வேறு தமிழ் தெரியாது. யாரும் உரிமை கொண்டாடாத பழைய எழுத்துகளை ஊட்டி அதை வளர்த்திருந்தார்கள்.

“சார், எனக்கு தேத்திய நிப்பாட்டணும்,” என்றான் வியாகுலம்.

“நிப்பாட்டு கொச்சை,” என்றது சுவர். “திருத்திச் சொல்லவும்.”

“பார்த்தீரா?” என்றார் மருத்துவர். “நாக்கைச் சரிசெய்தால் பாதி நோய் போய்விடும். மீதி, மன உறுதி. மன உறுதி உள்ளவனுக்குத் தேற்றி வெறும் நீர்மோர்.”

“எனக்கு அது இல்ல சார். போன வருசம் ஏழு தடவ முயற்சி பண்ணுனேன். ரெண்டாம் நாளே ஒதறல் எடுத்துரும். ‘இன்னிக்கு ஒரு நாள், நாளையிலருந்து நிறுத்திருவோம்’னு போயி தோளக் குடுத்துருவேன்.”

மருத்துவருக்கு இது மிகவும் பிடித்த இடம். நாற்காலியில் சாய்ந்தார். “தினமும் நிறுத்துகிறவர்கள்! திங்கட்கிழமை நிறுத்துவார்கள், செவ்வாய்க்கிழமை நிறுத்துவார்கள். நிறுத்துவதையே ஒரு பழக்கமாக வைத்திருப்பார்கள். நூறு வருடத்துக்கு முன் சமூக வலைத்தளம் என்று ஒன்று இருந்ததாம். அதை விட்டு விலகுகிறேன் என்பதை அதிலேயே எழுதுவார்களாம். யாரெல்லாம் வருத்தப்பட்டார்கள் என்று அரை மணிக்கொரு தரம் அதிலேயே வந்து பார்ப்பார்களாம். அந்த இனம்தான் நீர்.” விரலை உயர்த்தினார். “நான் நிறுத்தினேன். ஒரே முறை. ஏழு மாதம் ஆகிறது. நடுக்கமில்லை. வியர்வையில்லை. என் வழியில் இன்னும் முப்பத்தேழு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் தும்மக்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் இந்தக் கூண்டில் மேலே போகிறோம். நீர் முப்பத்தெட்டாவது ஆள்.”

பிறகு சுவரைப் பார்த்து, கல்வெட்டில் பொறிக்கிற குரலில் சொன்னார்: “மருந்தூட்டி! இவருக்குத் தேற்றியைப் படிப்படியாக நிறுத்து.”

“அவ்வாறே,” என்றது சுவர்.

மறுநாள் காலை தோள் கொடுத்ததும், அந்த நேரத்தில் எப்போதும் பேசாத மருந்தூட்டி வியாகுலத்திடம் ஒரு சொல் சொன்னது. “நிறுத்தேன்.”

இரண்டாம் நாள் உதறல் வரும் என்று அவன் கட்டிலின் காலோடு தன் காலைக் கட்டிக்கொண்டு படுத்தான். வரவில்லை. மூன்றாம் நாள் பாடினான். ஐந்தாம் நாள் மேற்பார்வையாளரைப் பார்த்துத் தானாகச் சிரித்தான். மேற்பார்வையாளர் பயந்துபோய் விடுப்பு வேண்டுமா என்று கேட்டார். எலும்பு வலி என்று உலகில் ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. தினமும் காலையில் சுவர் “நிறுத்தேன்” என்று சொன்னது. தினமும் அவன் முந்தைய நாளைவிட நன்றாக இருந்தான்.

வியாகுலத்தின் பிரச்சினை என்னவென்றால், நன்றாக இருப்பது அவனுக்குப் பழக்கமில்லை. ஏழாம் நாள் கவலைப்பட ஆரம்பித்தான். கவலை கூடச் சரியாக வரவில்லை. பாதியில் தூக்கம் வந்தது.

எட்டாம் நாள் காலை எதிரில் வந்து உட்கார்ந்தாள் அக்னேஸ். காற்றறையில் வேலை. நிலையத்தில் யார் எவ்வளவு காற்றை இழுக்கிறார்கள் என்பது அவள் பலகையில் ஆளுக்கொரு முள்ளாக ஆடிக்கொண்டிருக்கும். ஐம்பது வயது. எல்லாருக்கும் அக்கா.

“ஏல வியாகுலம், நேத்து தூக்கத்துல ஒனக்கு மூச்சு எத்தனன்னு தெரியுமா?”

“எத்தனக்கா?”

“நிமிசத்துக்கு ஏழு. போன வாரம் பதினாலு.”

“மன உறுதிக்கா,” என்றான் அவன், மூக்கைச் சொறிந்துகொண்டே.

“மன உறுதின்னா மூஞ்சில தெரியும்லா. ஒம் மூஞ்சி மத்தியானம் மூணு மணி கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு. மருந்த விட்டவனுக்கு மூக்கு ஒழுகும். ஒனக்கு மூக்கு அரிக்கி. கண்ணுமணி கடுகு கணக்கா கெடக்கு. நெசமாவே விட்டுட்டியா, இல்ல விட்டேன்னு சொல்லிட்டுத் திரியுதியா?”

“சத்தியமா விட்டாச்சுக்கா. நீங்களே கேளுங்க.” எழுந்து போய்ச் சுவரில் தோளை வைத்தான். அரை நிமிடம்.

“நிறுத்தேன்,” என்றது மருந்தூட்டி.

அக்னேஸ் தட்டைக் கீழே வைத்தாள். “என்ன சொல்லிச்சு?”

“நிறுத்திட்டேன்னு சொல்லுது.”

“நிறுத்தினேன்னுல்லா சொல்லணும். நிறுத்தேன்னா வேற. எங்க அம்மைக்குக் கருவாட்டுக் கடை. ‘சாளைய நிறுத்தேன், மூணு கிலோ இருந்துச்சு’ம்பா. நிறுத்தேன்னா எடை போட்டேன்னுல்ல அர்த்தம்?”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அதனிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

“இவனுக்கு இன்னிக்கு…” என்று தொடங்கிய அக்னேஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: “இவருக்கு இன்று எவ்வளவு தேற்றி கொடுத்தாய்?”

“எட்டுப் படி.”

மருந்தூட்டியின் அகராதியில் தேற்றியின் ஒரு வேளை அளவுக்குப் பெயர் படி. போன வாரம் வரை அவன் தினம் வாங்கியது ஒன்று.

“நேற்று?”

“ஏழு படி.”

“முந்தா நாள்… நேற்றைக்கு முன்தினம்?”

“ஆறு படி.”

தோளை எடுக்காமலே வியாகுலம் கேட்டான். “யார் கொடுக்கச் சொன்னது?”

“மருத்துவர். ‘படிப்படியாக நிறுத்து’ என்றார். படி என்பது அளவை. நிறுத்து என்பது எடையிட்டு. படி படியாக எடையிட்டு என்று பொருள். கொடு என்று அவர் முடிக்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லையாதலால் கொடுத்தேன். நெல்லளந்த ஓலைகளில் உள்ள முறைப்படி நாளுக்கொரு படி ஏற்றினேன். எட்டுப் படி ஒரு மரக்கால். இன்று மரக்கால் நிறைந்தது, தலை தட்டினேன். இனி நாள்தோறும் இதே அளவு. ஒரு குன்றிமணியும் குறையாது.”

அதன் குரலில் பெருமை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் குறையாது என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியது.

வியாகுலம் சுவரில் சாய்ந்தபடியே கத்தினான். “ஐயோ! நிறுத்து! நிறுத்து!”

“மரக்காலுக்கு மேல் கால்படி, சிறப்பாக நிறுத்தேன்.”

“வாய மூடுல!” அக்னேஸ் அவனைப் பள்ளத்திலிருந்து பிய்த்து இழுத்தாள். “அந்த வார்த்தைய சொல்லாத!”

ஒரு முறை மருத்துவர் உத்தரவு போட்டபின், அவரவர் தோளுக்கு அவரவர் சொல்வதை மருந்தூட்டி கேட்கும். எதைச் சொல்வது என்பதுதான் கேள்வி. வியாகுலம் எட்ட நின்று, “தேற்றியைக் குறை,” என்றான்.

“தங்கள் குறை பதிவு செய்யப்பட்டது,” என்றது சுவர்.

“தேற்றியை விடு.”

“எத்தனை படி விட வேண்டும்?”

“கொடுக்காதே!” என்றான், அக்னேஸ் சொல்லிக்கொடுத்தபடி.

“கொடேன்.”

“பாருங்கக்கா, குடேன்னு கெஞ்சுது!”

“குடுக்க மாட்டேங்குது, லூசு. அது பழைய தமிழு.” அக்னேஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா எட்டுலருந்து ஒரேயடியா ஒண்ணுமில்லன்னா ஒடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும். ‘நேற்று கொடுத்ததில் அரைப்படி குறைத்துக் கொடு’ன்னு சொல்லு. அதுல தப்பர்த்தம் வராது.”

அவன் சொன்னான். சுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவ்வாறே,” என்றது. அதற்குக் குறைப்பதில் விருப்பமில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கூண்டுக்குப் பதினேழு நாள். எட்டுப் படியை அரை அரையாக இறக்கப் பதினாறு நாள் ஆகும். அதன் பின் மருந்தில்லாத மூன்று நாள் வேண்டும். வியாகுலம் விரல் விட்டு எண்ணினான். எப்படி எண்ணினாலும் இரண்டு நாள் இடித்தது.

அக்னேஸ் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தாள். “ஏல, எம் பலகையில ஏழு மூச்சுக்காரங்க நெறய பேரு உண்டு. சாந்தமான ஆளுகன்னு நெனச்சேன். வா.”

மருத்துவர் ஞானசிகாமணி முழுவதையும் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். “மன உறுதி இல்லாதவன் இலக்கணத்தின் மேல் பழி போடுவான்.”

“இலக்கணம் இருக்கட்டும் சார்,” என்றாள் அக்னேஸ். “நீங்க நிறுத்தி வச்ச முப்பத்தேழு பேருக்கும் தூக்கத்துல மூச்சு ஏழு, எட்டு. யாரும் ஏன் தும்மலன்னு இப்ப தெரியுதா? ஒருத்தரும் விடல. எல்லாரும் எட்டு மடங்கு வாங்குதாங்க. இவுகள இப்படியே கூண்டுல ஏத்துனா ஒம்போது நாள் கழிச்சு மேல தொறக்கும்போது…” அவள் முடிக்கவில்லை. “இன்னொருத்தருக்கும் ஏழுதான். சில நாள் ஆறு. யாருன்னு சொல்லட்டா?”

மருத்துவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். சொறிவதை உணர்ந்து கையை இறக்கினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மருந்தூட்டி. எனக்கு நாள்தோறும் எவ்வளவு?”

“ஒரு மரக்கால். தலை தட்டி.”

“எத்தனை நாளாக?”

“இருநூற்று இரண்டு நாளாக. ஒரு நாளும் தவறவில்லை.”

வியாகுலத்துக்கு அவர் மேல் இரக்கம் வந்தது; அவன் எதற்கும் இரக்கப்படுகிறவன்.

“இது வெளியே தெரிந்தால்,” என்றார் மருத்துவர் கடைசியில், “மக்கள் நம்பிக்கையை இழப்பார்கள்.”

“மூச்ச இழக்குறதுக்கு நம்பிக்கைய இழக்கலாம் சார்.”

“ஒரு வழி இருக்கிறது. தேற்றியிலிருந்து விடுபடப் புதிய மருந்து ஒன்று மேலே ஆய்வில் இருக்கிறது. ‘மாற்றி’. அது அறவே அடிமையாக்காது.”

“ஆத்தி, தேத்தி, மாத்தி,” என்றான் வியாகுலம். “அதுக்கடுத்து ஏமாத்தியா சார்?”

அவன் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் பேசிய ஒரே தைரியமான வாக்கியம் அது. எட்டுப் படிக்கும் அதில் பங்குண்டு.

அக்னேஸ் கதவைத் திறந்தாள். “மருந்து மேல தப்பில்ல சார். அதுக்கு வாய் கெடயாது. பாத்துக் குடுத்து, பாத்து எறக்கியிருந்தா அது பாட்டுக்கு அது வேலயச் செஞ்சிருக்கும். பாக்கவே வேண்டாம்னு சொன்ன வாய் ஒங்களோடது.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காற்றறையின் ஒலிபெருக்கியில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லாருக்கும் தெரிந்தது.

ரத்தச் சோதனை திரும்ப வந்தது. மறுநாளிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் சுவரின் முன் வரிசையில் நின்று, உலகின் மிக நீளமான காலை வணக்கத்தைச் சொன்னார்கள்: “நேற்று கொடுத்த அளவில் அரைப்படி குறைத்துக் கொடுப்பாயாக.” முதல் நாள் மருத்துவரும் வரிசைக்கு வந்தார். “உங்களில் ஒருவனாக” என்று சிறிய உரையும் ஆற்றினார். நான்கு நாள் வந்தார். ஐந்தாம் நாள் நிர்வாக வேலை.

ஐந்து படியில் கால்கள் உதைக்கத் தொடங்கின. நான்கு படியில் கூடமே போர்வைக்குள் இருந்தது. யாராவது தும்மினால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறந்தநாள் மாதிரி வாழ்த்தினார்கள். அக்னேஸ் இடைவேளைகளில் வந்து ஒவ்வொருவர் காதிலும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனாள். “ஒம்போது.” “பத்து.” “நீ பதினொண்ணுடே, ராசா.” பதின்மூன்று பேரால் இந்த வேகம் தாங்க முடியவில்லை. அவர்கள் இந்தக் கூண்டை விட்டுவிட்டு, வருடம் முழுக்க மெதுவாக இறங்குவதென்று முடிவு செய்தார்கள். தலை குனிந்து வந்து சொன்னவர்களிடம் அக்னேஸ், “மெதுவா எறங்குறவன் தோத்தவனாடே? குதிச்சுக் கால ஒடைக்கதுக்கு இது எவ்வளவோ மேல்,” என்றாள்.

வியாகுலத்தால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. பதின்மூன்றாம் நாள் ஒன்றரைப் படியில் இருந்தான். பதினான்காம் நாள் காலை சுவரின் முன் நின்றான். பள்ளத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண். உடம்பு முழுக்க அந்த ஒரு சாணைக் கடக்கத் துடித்தது. இன்னிக்கு ஒரு நாள் என்று மனது சொன்னது; நியாயமாகவும், அன்பாகவும், செலினின் குரலிலும்கூடச் சொன்னது.

“கொடுக்காதே,” என்றான்.

“கொடேன்.”

இம்முறை அவனுக்குப் புரிந்தது.

அடுத்த மூன்று நாளை அவன் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. திரையை வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் ஒளிர்ந்துவிட்டது. ஜோவிட்டா முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். பல் கிட்டி, மூக்கும் கண்ணும் ஒழுக, போர்வைக்குள் ஓர் ஆள் குலுங்கிக்கொண்டிருந்தான்.

“அம்மா,” என்றாள். “அப்பா கெட்டுப் போச்சு.”

சரிசெய்வதற்காகத் திரையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

செலின் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வாங்க,” என்றாள். “கெட்டுப் போயிருந்தாலும் பரவால்ல. வந்துருங்க.”

கூண்டு புறப்படும் அன்று அவன் விரலில் ஊசி குத்தி எடுத்த துளியில் தேற்றி இல்லை. இருபத்தைந்து பேர் ஏறினார்கள். கூண்டின் காற்றுக் குழாயும் சில நூறு மீட்டர் வரை அக்னேஸின் பலகைக்கே தெரியும். கடைசியாக அவள் பார்த்தபோது வியாகுலத்தின் முள் பதினாறில் ஆடிக்கொண்டிருந்தது. கவலைப்படுகிறவனின் மூச்சு. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில், மெலிந்து, தாடியோடு, கண்கள் உள்ளே போய் ஒருவன் இறங்கி வந்தான். ஜோவிட்டா அவனை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்து, முதுகில் சுவிட்சைத் தேடினாள். கிடைக்காததால் அழுதாள். அவன் அவளைத் தூக்கினான். சாமான் தன்னைத் தூக்கும் என்று எதிர்பார்க்காததால் அழுகை பாதியில் நின்றது.

கூண்டில் ஏறாதவர்களின் பட்டியலை நிலையம் வெளியிட்டது. மெதுவாக இறங்குகிற பதின்மூன்று பேர். பதினான்காவதாக ஒரு பெயர். எதிரே ‘நிர்வாகக் காரணங்கள்’ என்று இருந்தது. மெதுவாக இறங்குகிறவர்களோடு வரிசையில் நிற்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தப் பதின்மூன்று பேரும் தினமும் அவருக்கென்று ஓர் இடம் விட்டே நின்றார்கள். அக்னேஸ்கூட ஒரு முறை அவர் அறைக்கு வந்து, “வாங்க சார், கூட்டத்தோட கூட்டமா எறங்கிரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ,” என்று கூப்பிட்டாள். தாம் முன்பே நிறுத்திவிட்டதாக அவர் சொன்னார்.

மாற்றி அடுத்த வருடம் வரும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கியில் அறிவித்தார். அது மனிதனின் நான்காவது சாதனை என்றார். மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அறிவிப்பு முடிந்தது. கூடம் காலியாகும் வரை மருத்துவர் ஞானசிகாமணி உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு நடைவழிக் கோடியில் இருந்த கடைசிப் பள்ளத்துக்குப் போய், சட்டையை விலக்கித் தோளை வைத்தார். பாத்திரம் துலக்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்து நடையை மெதுவாக்கினார்கள்.

அவருக்கு இப்போது இரண்டு வாக்கியங்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சுவர் என்ன செய்யும் என்பதும் தெரியும். அவர்கள் காதில் விழும்படி, தெளிவான உச்சரிப்போடு, ஒன்றைத் தேர்ந்து சொன்னார்.

“படிப்படியாக நிறுத்து.”

அவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். “பாவம், தெனமும் நிறுத்துதாரு,” என்றார் ஒருவர்.

“நிறுத்தேன்,” என்றது சுவர்.